எழுதுபொருள் நிலையில் ஒரு மடிக்கணினி

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று எங்கள் மலையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான். வத்தலக்குண்டில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் படித்தேன். ஒரு கம்ப்யூட்டருக்கு ஆறு பேர். நான் எப்போதும் ஆறாவது ஆள். முன்னால் உட்கார்ந்தவன் பிடரியைத்தான் அதிகம் பார்த்தேனே தவிர, திரையைப் பார்த்தது குறைவு. ஆனாலும் சான்றிதழில் 'மிகச் சிறப்பு' என்று போட்டுக் கொடுத்தார்கள். நானும் நம்பிவிட்டேன்.

அந்தச் சான்றிதழை நீட்டித்தான் வடகவுஞ்சியில் உள்ள மேல்மலை வாழை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் சேர்ந்தேன். பதவியின் பெயர் தற்காலிகக் கணினி இயக்குநர். வீட்டில் என் மனைவி விஜயராணி அதைக் கேட்டுவிட்டு, "தற்காலிகம்னா கம்ப்யூட்டரா, நீங்களா?" என்றாள். பதவியில் இருப்பவன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

சங்கத்துக்குச் சோலி ஒன்றே ஒன்றுதான். மலையில் விளைகிற வாழைப்பழம் பழனிக்குப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும். தைப்பூச சமயத்தில் பழனி வியாபாரிகள், எங்கள் சங்கத்துச் சீட்டு இல்லாத தாரைக் கையால் தொட மாட்டார்கள். விவசாயி பழத்தைக் கொண்டுவந்து சங்கத்துக் குடோனில் இறக்க வேண்டும். நான் கணினியில் பதிந்து சீட்டு எடுத்துத் தர வேண்டும். சீட்டு வந்தால் லாரி கிளம்பும். குடோனுக்குள் போன பழம் சீட்டு இல்லாமல் வெளியே வராது. கொண்டுவந்தவனே கேட்டாலும் வராது.

அந்தக் கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சாதாரண மடிக்கணினி இல்லை. திரையை நட்டுக்க நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றி, விசைப்பலகை மேல் மல்லாக்கப் படுக்க வைத்தால் சிலேட்டு மாதிரி ஆகிவிடும். எழுதுவதற்கு ஒரு பேனாவும் உண்டு. எங்கள் தலைவர், பாலசமுத்திரம் திருமலைச்சாமி, மதுரையில் ஒரு கடையில் இதைப் பார்த்தார். கடைக்காரர் திரையைத் திருப்பிக் காட்டியதும், "ஏலே, கழுத்தத் திருப்புதுலே!" என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டார். அது வேறு என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கூடப் போயிருந்தேன். நிபுணர் என்ற முறையில் தலையை ஆட்டியது நான்.

மூன்று ஆயுத பூஜைக்கு அது நன்றாகத்தான் ஓடியது. இந்தத் தை மாதம் பிறந்ததும் சென்னைத் தலைமையகத்திலிருந்து புது மென்பொருள் ஒன்று குறுந்தகட்டில் வந்தது. நான் அதைப் போட்டேன். கணினி ஏதேதோ கேட்டது. ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' என்று சொல்லிக்கொண்டே போனேன். 'பழையதை அழித்துவிடலாமா' என்று கேட்டபோதும் அதே மரியாதையோடு 'ஆம்' என்றேன். எல்லாம் முடிந்த பிறகு, நினைவகம் போதவில்லை, புது மென்பொருள் ஓடாது என்று ஒரு சின்னக் கட்டத்தில் எழுதிக் காட்டியது. பழையதும் போயிற்று, புதியதும் வரவில்லை. சீட்டும் நின்றது.

அப்போது குடோனில் கிடந்ததில் முக்கால்வாசி என் வீட்டுப் பழம். என் வீடு என்று சொல்கிறேனே தவிர, உழைப்பெல்லாம் விஜயராணியுடையது. பேத்துப்பாறையில் குத்தகைக்கு நிலம் பிடித்து, கன்று நட்டு, களை எடுத்து, காட்டுமாடு வராமல் தகர டின்னைத் தட்டி வளர்த்த பழம். பக்கத்துத் தோட்டத்துக்குள் யானை இறங்கிவிட்டது என்று தெரிந்ததும், இனி மரத்தில் விடக்கூடாது என்று வெட்டிக் கொண்டுவந்துவிட்டாள். தைப்பூசத்துக்குள் விற்றால் குத்தகையை அடுத்த வருஷத்துக்கு நீட்டிக்கலாம். இல்லாவிட்டால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். அவளுக்கு அந்த நிலம் போனால் வேறு நிலம் இல்லை. நான்தான் அதற்கு நடுவே கணினியோடு உட்கார்ந்திருந்தேன்.

வாழைக்காய்க்குக் கூட்டுறவுச் சட்டம் தெரியாது. வெட்டினால் அது பாட்டுக்குப் பழுக்க ஆரம்பித்துவிடும்.

செயலாளர் ஞானவேலிடம் போனேன். பழனிக்காரர். குடும்பமே கோயில் ஊழியத்தில் இருந்தது. நெற்றியில் மூன்று பட்டை விபூதி காலையில் இட்டது சாயங்காலம் வரை அலுங்காமல் இருக்கும். ஏனென்றால் அவர் அலுங்க மாட்டார்.

"சார், அடிப்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கு. அதைத் தொறந்து பாத்தா, இன்னொரு மெமரி போட எடம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிரும். ரெண்டே திருகாணிதான்."

"புரியுது பாண்டி. நீ அருண்பாண்டியன், உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும். ஆனா ஒரு திருகாணி மேல என்ன ஒட்டியிருக்குன்னு பாத்தியா?"

பார்த்தேன். சங்கத்தின் சொத்து எண் ஒட்டியிருந்தது. போன வருஷம் தணிக்கைக்காக எல்லாப் பொருளிலும் எண் ஒட்டச் சொன்னார்கள். கணினிக்கு ஒட்டியவன் நான்தான். கோணாமல் ஒட்ட வேண்டும் என்று அடிக்கோல் வைத்துப் பார்த்து, சரியாகத் திருகாணியின் மேல் ஒட்டியிருந்தேன். தணிக்கையாளர் அதைப் பாராட்டிக்கூடச் சொன்னார்.

"இந்த எண் இருக்கிற வரைக்கும்தான் இது சங்கத்துச் சொத்து," என்றார் ஞானவேல். "எண்ணைக் கிழிச்சா, அந்த நிமிசத்துல இருந்து இது யாரு சொத்து? உன்னதா? என்னதா? நாளைக்கு ஒருத்தன் கேப்பான். நான் எத்தனையோ வருசமா இந்த நாற்காலியில இருக்கேன். என் மேல ஒரு குத்தம் கெடையாது. ஏன்னு கேளு."

"ஏனுங்க சார்?"

"இன்னிக்கு வரைக்கும் நான் எதையும் செஞ்சதில்ல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கே பொறாமையாக இருந்தது.

நிர்வாகக் குழு கூடியது. 'கணினியின் அடி மூடியைத் திறந்து பார்ப்பது குறித்து' என்பதுதான் பொருள். தலைவர் திருமலைச்சாமி மப்ளரைக் கழற்றாமல் உட்கார்ந்து, "ஏலே, அதுக்கு ஞாபகம் பத்தலைங்கிறியே, அப்படின்னா என்னலே?" என்று கேட்டார்.

எனக்கும் சரியாகத் தெரியாது. தெரியாததை உதாரணத்தால் விளக்குவதுதான் வழக்கம். "மேசை மாதிரிங்கய்யா. மேசை சின்னதா இருந்தா நெறைய பைலை விரிக்க முடியாது. அதான் இது தெணறுது."

"அப்ப மேசை வாங்கு."

"இல்லைங்கய்யா, அது உள்ளுக்குள்ள..."

"எனக்குந்தான் நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டேன்னு ஞாபகமில்ல. என்னையத் தொறந்தா பாத்தீங்க? தலைவராத்தான வச்சிருக்கீங்க?"

குழு இதை ஆமோதித்தது. பிறகு வெகுநேரம் பேசி, திறந்து பார்ப்பதற்கான துணைக்குழு ஒன்றை அமைத்தார்கள். அதில் என்னையும் சேர்த்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பெயர் முதன்முதலாகத் தீர்மானத்தில் ஏறியது. வீட்டில் போய்ச் சொன்னால் ராணி என்ன நினைப்பாள் என்று கற்பனை செய்துகொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் டீ வந்தது. டீக்கு ஏதாவது வேண்டுமே. ஞானவேல் குடோனிலிருந்து ஒரு தார் எடுத்துவரச் சொன்னார். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த தார் வந்தது. அது என் வீட்டுத் தார். வாசலோரம் அடுக்கினால் லாரியில் முதலில் ஏறும் என்று நானே அங்கே அடுக்கியிருந்தேன்.

"சார், சீட்டு இல்லாம குடோன்ல இருந்து சரக்கு எடுக்கக் கூடாதுன்னு இருக்கே," என்றேன் மெதுவாக.

"அது சரக்குக்கு," என்றார் செயலாளர், ஒரு பழத்தை உரித்துக்கொண்டே. "இது மாதிரி, சாம்பிள். தரப் பரிசோதனை. மாதிரிக்குச் சீட்டு கெடையாது, அளவும் கெடையாது. விதி தெளிவா இருக்கு." ஓரத்துப் பழம் ஒன்றிரண்டு மஞ்சள் தட்டியிருந்தது. தரம் நன்றாக இருப்பதாகக் குழு கண்டது.

வீட்டுக்குப் போய்த் துணைக்குழு விஷயத்தைச் சொன்னேன். விஜயராணி அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை.

"சீட்டு?"

"அது வரும். முதல்ல திறந்து பாக்கணும். அதுக்கு ஒரு முறை இருக்கு."

"கையால ஒரு துண்டுல எழுதி, சீலைக் குத்திக் குடுத்துட்டா என்ன?"

"கையெழுத்துச் சீட்டு போன வருஷமே ஒழிச்சாச்சு ராணி. எல்லாம் கணினிமயம்."

"கணினிமயம்னா நீங்க. நீங்க ஓடலையே." கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "எங்கம்மா சிலோன்ல அட்டன் தேயிலைத் தோட்டத்துல இருந்தப்ப, வெள்ளனே பெரட்டுக்கு நிக்கணுமாம். வரிசையா நின்னு பேர் கூப்பிட்டதும் மலைக்குப் போவாங்களாம். தொரை கொடுமைக்காரன்தான். ஆனா பெரட்டு முடிஞ்சா வேலைக்கு அனுப்பிருவான். உங்க ஆபீசுல பெரட்டு மட்டும்தான் நடக்குது. ஒருத்தரும் மலைக்குப் போகலை."

எனக்கு ரோஷம் வந்தது. அட்டன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அதைச் சொன்னேன். "நாற்காலி நல்லா இருக்கட்டும். பழம் பழுக்குதுங்க," என்றாள்.

திண்டுக்கல்லிலிருந்து தொழில்நுட்ப ஆலோசகர் சிவமுருகன் வரவழைக்கப்பட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்துவிட்டு, ஸ்வெட்டருக்குள் டை தெரிய வந்து சேர்ந்தார். அவரை அசத்த வேண்டும் என்று நான் கணினியைச் சிலேட்டாக மடக்கி வைத்திருந்தேன். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "கீ போர்டு எங்கே?" என்றார். நான் திரையைத் தூக்கித் திருப்பிக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. தானே ஒரு தடவை திருப்பினார். மறுபடி திருப்பினார். மத்தியானச் சாப்பாடு வரை திருப்பினார். சாப்பிட்டு வந்ததும் முகம் சீரியஸாகிவிட்டது.

"மிஸ்டர் ஞானவேல், இதை எந்த ஹெட்ல என்ட்ரி போட்டிருக்கீங்க?"

"அலுவலக இயந்திரம்."

"அங்கதான் தப்பு. விரிச்சா இது மெஷின், ஒத்துக்கறேன். மடக்குனா இது சிலேட்டு. கூட பேனா வேற இருக்கு. சிலேட்டு, பேனாவெல்லாம் ஸ்டேஷனரி. அதாவது எழுதுபொருள். மெஷினா இருந்தா திறக்கலாம், ரிப்பேர் பண்ணலாம். எழுதுபொருளைத் திறக்கவே கூடாது. தீர்ந்துபோனா புதுசு வாங்கணும். பென்சிலைப் பொளந்து யாராவது உள்ள எவ்வளவு ஈயம் இருக்குன்னு பார்ப்பாங்களா?"

ஞானவேலின் கண்கள் கலங்கியது போலிருந்தது. எத்தனையோ வருஷமாக அவர் காத்திருந்த அதிகாரி வந்துவிட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. நிபுணன் என்று காட்டிக்கொள்ள வேண்டுமே. "பாதி திருப்பி நிக்கிறப்ப என்னங்க சார்?" என்று கேட்டேன்.

ஆலோசகர் என்னை உற்றுப் பார்த்தார். "வெரி குட் கொஸ்டின்," என்றார். அந்த ஒரு கேள்விக்காக அவர் இன்னும் ஒரு நாள் கொடைக்கானலில் அறை எடுத்துத் தங்கினார். துணைக்குழு மறுபடி கூடியது. பாதி திருப்பிய நிலையில் அதை எந்தத் தலைப்பிலும் சேர்க்க முடியாது என்றும், ஆகவே அந்த நிலையில் அதை யாரும் வைத்திருக்கக் கூடாது என்றும் முடிவாயிற்று. அன்றாடம் காலையில் நான் செயலாளர் முன் நின்று, கணினி இன்றைக்கு இயந்திர நிலையில் இருக்கிறதா, எழுதுபொருள் நிலையில் இருக்கிறதா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னேன். "இயந்திர நிலையிலங்க சார்." அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார். அந்தக் கூட்டத்துக்கும் டீ உண்டு. டீக்கு மாதிரியும் உண்டு.

அடுத்தது திருப்புளி. சின்னத் திருகாணிக்குச் சின்னத் திருப்புளி வேண்டும். மூன்று இடத்தில் விலை கேட்டு, குறைந்த விலைக்கு வாங்க வேண்டும் என்பது விதி. நான் பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் பஸ்ஸில் போய் வந்தேன். பழனியில் வாட்ச் கடை வேலுச்சாமி என் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "இதுக்கெல்லாம் எதுக்கு வெல? சும்மா கொண்டு போங்க," என்று தன்னிடமிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வேலை முடிந்தது என்று சந்தோஷமாக வந்தேன். ஞானவேல் தலையில் கை வைத்துக்கொண்டார். "சும்மா வாங்குனா அது கொள்முதல் இல்ல பாண்டி, நன்கொடை. நன்கொடைன்னா உபயதாரர் பேரைப் போடணும். போடாட்டி நாளைக்கு அவரு மனசு நோகும்." பெயிண்டர் ஒருவர் வந்தார். திருப்புளிக் கைப்பிடி பென்சில் தடிமன்தான். 'உபயம்: வேலுச்சாமி, வாட்ச் கடை, பழனி' என்று எழுத இடம் பற்றவில்லை. 'உப' மட்டும் ஏறியது. மிச்சத்தை ஓர் அட்டையில் எழுதி நூலால் கட்டித் தொங்கவிட்டார்கள்.

இதற்குள் குடோனிலிருந்து வாசனை வர ஆரம்பித்துவிட்டது. நல்ல வாசனை. மலைப்பழம் பழுத்தால் ஊரையே கூப்பிடும். சங்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடடா!" என்றார்கள். நான் மட்டும் ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ராணி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். நிலத்துக்காரர் வேறு இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தார்.

ஒரு வழியாக நல்ல நேரம் பார்த்து மூடியைத் திறக்கும் நாள் வந்தது. மேசையில் வேட்டி விரித்து, கணினியைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். எலுமிச்சம்பழம் சுற்றி, சூடம் காட்டினார்கள். சூடத்தை அடிப்பக்கத்து ஓட்டைக்கு மிக அருகில் கொண்டுபோனபோது எனக்கு உயிர் போய் வந்தது. சொத்து எண்ணை, மறுபடி மலையேறி வந்திருந்த ஆலோசகர் பிளேடால் உரித்து எடுத்தார். எண் இல்லாத நேரத்தில் கணினி யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காக ஞானவேல் அந்த ஒட்டியை இடக்கை விரலில் ஒட்டிக்கொண்டு, வலக்கையால் கணினியைத் தொட்டபடி நின்றார்.

நான் திருகாணிகளைக் கழற்றினேன். அட்டை ஆடிக்கொண்டே இருந்தது. சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, ஒரு கம்ப்யூட்டரின் உள்பக்கத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மூடி வந்தது. உள்ளே மூன்று ஆயுத பூஜையின் விபூதியும், காய்ந்த சந்தனப் பொருக்கும் கிடந்தன. ஊதித் தள்ளினேன். இரண்டு பள்ளம் தெரிந்தது. ஒன்றில் பச்சைத் தகடு ஒன்று படுத்திருந்தது. மற்றது காலி.

"எடம் இருக்குங்கய்யா! காலியா கெடக்கு!" என்று கத்திவிட்டேன். எனக்கு மெய்யாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு தகட்டை வாங்கி அந்தப் பள்ளத்தில் அழுத்தினால் தீர்ந்தது. வெரசாகப் பழனிக்குப் போனால் சாயங்காலத்துக்குள் வாங்கி வந்துவிடலாம்.

எல்லாரும் வரிசையில் வந்து காலி இடத்தைப் பார்த்தார்கள். தலைவர் கும்பிட்டுவிட்டு, அங்கேயே ஓர் உரை நிகழ்த்தினார். "இத்தனை வருசமா நம்மகிட்ட ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். இன்னிக்குத் தொறந்து பாத்தா உள்ள காலி எடம் இருக்கு. வேற எந்தச் சங்கத்துலயாச்சும் தலைமையில இப்படிக் காலி எடம் இருக்கான்னு காட்டச் சொல்லுங்க பாப்போம்." பலத்த கைதட்டல்.

"அப்ப சார், தகடு வாங்க நான் பழனிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"துணைக்குழுவோட வேலை இடம் இருக்கா இல்லையான்னு பார்க்கறது," என்றார் ஆலோசகர், கையைத் துடைத்துக்கொண்டே. "பார்த்தாச்சு. இருக்கு. வாங்கறது கொள்முதல் குழு. அது அடுத்த நிதியாண்டுல அமைப்பாங்க. மூடிடுங்க."

மூடினேன். வேறென்ன செய்வேன்? எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன். உரித்த ஒட்டி மறுபடி ஒட்டவில்லை. புது எண் சென்னையிலிருந்து வர வேண்டும். அதுவரை எண் இல்லாத பொருளைச் சங்கத்துக்குள் வைக்க முடியாது, நீயே பொறுப்பாக வீட்டில் வைத்திரு என்று கணினியைப் பையில் போட்டு என் தோளில் மாட்டினார் ஞானவேல். டீ வந்தது. மாதிரியும் வந்தது. இந்தத் தடவை பழம் நன்றாகக் கனிந்திருந்ததால் ஆளுக்கு மூன்று, நான்கு என்று பரிசோதித்தார்கள்.

அப்போதுதான் வாசலில் ஒரு வாடகை ஜீப் வந்து நின்றது. விஜயராணி இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்தாள், தோல் குவியலைப் பார்த்தாள், பொன்னாடையோடு நின்ற என்னைப் பார்த்தாள். நேராகச் செயலாளரிடம் போனாள்.

"சீட்டு வந்துருச்சுங்களா ஐயா?"

"இல்லம்மா. ஆனா காலி எடம் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. பெரிய முன்னேற்றம்."

"அப்ப சீட்டில்லாம இது எப்படிங்கய்யா வெளிய வந்துச்சு?"

"இது மாதிரிம்மா. மாதிரிக்குச் சீட்டு வேண்டாம்."

"எவ்வளவு எடுக்கலாமுங்க?"

"அளவெல்லாம் கெடையாதும்மா. விதியிலயே இல்ல." அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது.

"ரொம்பச் சந்தோஷமுங்க," என்றாள் விஜயராணி. "அப்ப எங்க பழத்துல மிச்சத்தையும் நான் மாதிரியாவே எடுத்துக்கறேன்."

ஞானவேலின் வாயில் பாதிப் பழம் இருந்தது. அதை அவர் மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கண் மட்டும் மேலே போய் விதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டியது. எங்கேயும் இடிக்கவில்லை. ஆலோசகரைப் பார்த்தார். "டெக்னிக்கலா, ஷி இஸ் கரெக்ட்," என்றார் ஆலோசகர். தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "குடுத்துரு ஞானவேலு. விதி தெளிவா இருக்குன்னு நீதான சொன்ன!"

ராணி என் பக்கம் திரும்பினாள். "இன்னும் நிக்கிறீங்களே. தூக்குங்க."

தூக்கினேன். பொன்னாடையோடு, தோளில் கணினிப் பையோடு, தார் தாராகத் தூக்கி ஜீப்பில் ஏற்றினேன். வாழைப்பால் பட்டு ஜரிகை கறுத்துப்போயிற்று. அந்தச் சங்கத்தில் நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

பழனி வியாபாரியிடம் கொண்டுபோக முடியாது, சீட்டு கேட்பான். அதனால் அவள் ஜீப்பைப் பழனிச் சாலையில் பஸ்கள் திரும்புகிற வளைவில் நிறுத்தச் சொன்னாள். பூசத்துக்குப் போகிற வண்டிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. சாக்கை விரித்துப் பழத்தை அடுக்கினோம். ஆனால் ஒரே மஞ்சு. பக்கத்தில் நிற்கிற ஆளே தெரியவில்லை. நாங்கள் நிற்பது தெரியாமலேயே வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஹாரன் சத்தத்தில் ஒன்றும் எடுபடவில்லை. சீப்பைத் தூக்கினால் பழம் காம்பைவிட்டு உதிர்ந்தது. இன்னும் ஒரு நாள் கூடத் தாங்காது.

ராணி என் தோளில் கிடந்த பையைப் பார்த்தாள். அப்புறம், "அந்தப் பெட்டியை எடுங்க," என்றாள்.

"எதுக்கு? அதுல சீட்டு வராது."

"வெளிச்சம் வருமா?"

"வரும்."

"அது போதும்."

எடுத்துக் கொடுத்தேன். அவள் திரையைத் தூக்கி, ஒரே திருப்பாகத் திருப்பி, மடக்கினாள். அந்த ஆலோசகர் ஒரு நாள் முழுக்கத் திருப்பியும் அவ்வளவு லாகவம் வரவில்லை. நான் எழுதும் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். பேனாவை உருவி, திரை நிறைய 'மலைப்பழம்' என்று எழுதினாள். எழுத்து கோணல்தான். தாரின் மேல் சாய்த்து ரோட்டைப் பார்க்க வைத்தாள்.

மஞ்சுக்குள் அது பளீரென்று நின்றது. முதலில் ஒரு வேன் நின்றது. பச்சை வேட்டி கட்டிய ஆட்கள் இறங்கி வந்தார்கள். அப்புறம் ஒரு பஸ். அப்புறம் வண்டிகள் தாமாகவே ஒதுங்கி நின்றன. பழுத்த பழம் என்றதும் வந்தவர்கள் பேரம் பேசாமல் சீப்புச் சீப்பாக வாங்கினார்கள். நான் பழத்தை அறுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசித் தாருக்கு வந்தபோது ராணி முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குத்தகைக்கு ஆச்சுங்க," என்றாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்த நிமிஷம் பொன்னாடையெல்லாம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அவளை ஒரு தடவை கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் சங்கத்து ஜீப் வந்து நின்றது. பூசத்துக்குப் போகிற ஞானவேல் முன் சீட்டிலிருந்து இறங்கினார். திரையைப் பார்த்தார். குனிந்து, அடிப்பக்கத்தையும் பார்த்தார். அவர் முகம் இறுகிப்போயிற்று.

"பாண்டி, இது எந்த நிலையில இருக்கு?"

நான் நேராக நின்றுகொண்டேன். "எழுதுபொருள் நிலையிலங்க சார்."

யோசித்தார். "எழுதத்தான் செஞ்சிருக்கீங்க. அப்ப சரி," என்றார். முகம் தெளிந்தது. பிறகு பழக்கத்தில் ஒரு சீப்பைத் தூக்கிக்கொண்டு ஜீப்பை நோக்கித் திரும்பினார்.

"ஐயா," என்று கூப்பிட்டாள் விஜயராணி. "அது மாதிரி இல்லீங்க. சரக்கு."

செயலாளர் நின்றார். என்னைப் பார்த்தார். நான் மஞ்சைப் பார்த்தேன். கடைசியில் அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு, துழாவி, பணத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டும் போகவில்லை.

"ரசீது?" என்றார்.

விஜயராணி பேனாவால் கணினியைத் தட்டிக் காட்டினாள். "அதுக்கு ஞாபகம் பத்தாதாம்ங்கய்யா. ஒரு குழுப் போட்டுப் பாத்துட்டுச் சொல்லி அனுப்புறோம்."